குறை காணப்படவில்லை

தலைவலி இல்லாத நாளில் போனதுதான் நான் செய்த முதல் தவறு.

"இன்னிக்கு வலி இருக்கா?" என்று கவுன்டரில் இருந்த கிரிஜா மேடம் கேட்டார்.

"இல்லை."

"இல்லைன்னா?"

"இன்னிக்கு இல்லை. நேத்து இருந்தது. நாளைக்கு வரலாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா ஓடற ஃபேனை யாராவது ரிப்பேருக்குக் கொண்டுவருவாங்களாம்மா?"

யோசித்துப் பார்த்தேன். கொண்டுவர மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. அதற்குள் அவர் ஒரு பச்சை அட்டையை எடுத்து முத்திரை குத்தி, நூலில் கோத்து, என் கழுத்தில் மாட்டிவிட்டார். குறை காணப்படவில்லை என்று அதில் மூன்று மொழிகளில் இருந்தது. எந்த மொழியிலும் சந்தேகம் இல்லை.

"கீழ போறப்ப வாட்ச்மேன்கிட்ட குடுத்துடணும். அட்டை மையத்தோட சொத்து."

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு இனிப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்த உடலியக்கச் சீரமைப்பு மையம். பல தொழிற்சாலைகளில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள் சேர்ந்து சங்கம் வைத்து நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள், எடுத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு மையத்தில் சங்கு ஊதும். ஏதோ மூடிய ஆலையின் சங்கை ஏலத்தில் எடுத்து வந்து மொட்டை மாடியில் பொருத்தியிருக்கிறார்கள். பெயர் பதியும் இடத்துக்கு 'உள்வரும் பொருள் பரிசோதனை' என்று பலகை. துண்டும் தலையணையும் வைக்கும் அறை பண்டகசாலை. நாங்கள் நோயாளிகள் அல்ல. யூனிட்.

மாரெட்பள்ளியில் நான் பார்க்கும் நரம்பியல் டாக்டர்தான் அங்கே போகச் சொன்னார். என் கழுத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தசை மாதிரி இல்லம்மா, செங்கல் மாதிரி இருக்கு" என்றார். மைக்ரேனுக்கு நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் அதிகமாகி, மாத்திரைகளே தலைவலியைக் கொண்டுவரும் நிலைக்கு வந்திருந்தன. கழுத்துக்குச் சிகிச்சை எடுத்தால் சிலருக்கு வலி வருவது குறையும். வாராவாரம் போக வேண்டும். வலி இல்லாத நாளிலும் போக வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை சொன்னார். கவுன்டரில் அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது கிரிஜா மேடம், "நெக்ஸ்ட்" என்றார். எனக்கு இப்படித்தான் நடக்கும்.

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மாத்திரைகளைச் சோதிப்பேன். நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட மாத்திரைகள் யாருடைய தலைவலியையோ தீர்த்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஆய்வகத்தின் விதி எளிமையானது: கண்ட அளவை எழுது, காணாததை எழுதாதே. நான் அதை மீறியதில்லை. இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. மாதத்தில் பல நாள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போகிறவளை நிரந்தரமாக்குவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்று என் மேலதிகாரி கணேஷ்குமார் அன்பாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் தலைவலி வருமாம். டீ குடித்தால் போய்விடுமாம்.

பச்சை அட்டையோடு படியிறங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கீழே டீக்கடையில் நின்று நன்றாகப் பேசிச் சிரித்து, நன்றாக நடந்து வந்தவர்கள், படியேறி மேலே போகும்போது நொண்டினார்கள். படிகள் செங்குத்தானவை. அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியைத் திருப்புவது போல வலியோடு எழுந்தேன். அந்த மாதம் எனக்கு மதிய ஷிப்ட். குளித்துவிட்டுக் கிளம்பினேன்.

"இந்த நிலைமைல எங்க கிளம்பிட்ட? படுத்துக்கோ" என்றாள் அம்மா.

"இன்னிக்குத்தாம்மா போகணும். வலி இருக்கு."

"வலி வந்துடுச்சுன்னு தலைவாரிக்கிட்டு சந்தோஷமாக் கிளம்பற மொத ஆளு நீதான்டி."

நான் மாடி வராந்தாவை அடைந்தபோது சங்கு ஊதியது. அது எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அன்று அது என் தலைக்குள் ஊதுவதற்காகவே ஏலம் எடுக்கப்பட்டது என்று புரிந்தது. உள்ளே ஒரு டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்தது. சுவாமி படத்துக்கு ஒரு கட்டு ஊதுபத்தி. கீழிருந்து நெய் வாசனை. ஒரு மைக்ரேனை அழைத்து வந்து உட்காரவைத்து உபசரிக்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தன.

உள்வரும் பொருள் பரிசோதனையில் பத்ரிநாராயணன் சார் இருந்தார். கருவிகளை வெயிலிலும் குளிரிலும் அதிர்விலும் வைத்துச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"குறை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"யாரோட இடது? பாக்கறவனோட இடதா, யூனிட்டோட இடதா?"

"என்னோட இடது, சார்."

"அப்படி எழுத முடியாதும்மா. டிராயிங்ல முன்பக்கத் தோற்றம்தான் ஸ்டாண்டர்டு." அவர் வலது என்று எழுதினார். "கமிட்டி வந்து குறையை நேர்ல பார்க்கணும். டீ முடிஞ்சதும் கூடுவாங்க. அதுவரைக்கும் குறையைக் கலைக்காம உட்காருங்க."

கலைக்காமல் உட்கார்ந்தேன். டீ வந்தது, வடை வந்தது, வடைக்குச் சட்னி ஏன் வரவில்லை என்ற விவாதம் வந்தது. எனக்கு வாந்தி வந்தது. குளியலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரோ பின்னால் இருந்து என் பின்னலைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அவள்தான் சாஹித்யா. மையத்தில் பிசியோதெரபி படித்த ஒரே ஆள். அவள் தெலுங்கில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ஹைதராபாத்தில் அது ஒரு மொழிதான். "மைக்ரேனா அக்கா?" என்றாள். தலையசைக்கக்கூட முடியவில்லை. என்னைப் பண்டகசாலைக்குள் அழைத்துப் போய், விளக்கை அணைத்து, துண்டு மூட்டைகள் மேல் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் விரல்நுனிகளை நிறுத்தினாள். அழுத்தவில்லை. என் தலையின் கனத்தை நானே அந்த விரல்கள் மேல் இறக்கிவைக்கும்வரை காத்திருந்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழுத்தில் எதுவோ ஒரு அங்குலம் நகர்ந்தது. கண்ணுக்குப் பின்னால் இருந்த திருகாணி மெல்லப் பின்னோக்கிச் சுழன்றது.

நான் அழுதேன். வலியால் அல்ல. தலை என்பது இவ்வளவு லேசாகவும் இருக்கக்கூடிய ஒன்று என்பதை மறந்தே போயிருந்தேன்.

"வாராவாரம் இதைச் செஞ்சு, நான் சொல்ற பயிற்சியும் நீங்க செஞ்சா, ரொம்பக் குறையும்" என்றாள்.

அப்போது கமிட்டி கூடியது.

தலைவர் ஜம்புநாதன் சார் தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் கும்பகோணம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு மகிழ்ச்சி. "உட்காரும்மா குழந்தே. இப்ப வலி எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்கு, சார்."

"எவ்வளவு?"

கண்ட அளவைத்தான் சொல்ல வேண்டும். "அனேகமா இல்லை."

கிரிஜா மேடம் எழுந்து போய்ப் பண்டகசாலையைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முன்பு பெரிய பண்டகசாலை ஒன்றின் அதிகாரி. துண்டு மூட்டையில் தலை பதிந்த பள்ளம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சாஹித்யா அழைக்கப்பட்டாள்.

"யூனிட்டைப் பரிசோதிக்கறதுக்கு முன்னாடியே ரிப்பேர் பண்ணிட்டா, எதை ரிப்பேர் பண்ணினோம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஜம்புநாதன் சார்.

"அவங்களுக்கு வலிச்சுது சார்."

"அது நீ சொல்றே. யூனிட் என்ன சொல்றது? இல்லேங்கறது. அப்ப நீ இல்லாத குறையை ரிப்பேர் பண்ணியிருக்கே. இருக்கற குறையை ரிப்பேர் பண்ணாம விட்டா அது கவனக்குறைவு. அதை மன்னிக்கலாம். நாங்கள்லாம் பண்ணியிருக்கோம். இல்லாத குறையை ரிப்பேர் பண்றது ஒழுங்கீனம்."

சாஹித்யா தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நல்ல தரை.

பிறகு அவர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார். "உன் கேஸை 'விட்டு விட்டு வரும் குறை'ம்போம். இதுதான் உலகத்துலயே கஷ்டமானது. எங்க காலத்துல ஒரு கன்ட்ரோல் பேனல் இருந்தது. வாடிக்கையாளர் எடத்துல நின்னுபோகும். எங்க மேஜைக்கு வந்தா நன்னா ஓடும். திருப்பி அனுப்புவோம், திரும்பி வரும். பல வருஷம். கடைசிவரைக்கும் நாங்க அதை ரிப்பேர் பண்ணவே இல்லை. ஆனா ஒரு தடவைகூட ரிப்பேர் ஆயிடுத்துன்னு பொய்யா எழுதலை. அந்த நேர்மைதாம்மா இந்த மையம்."

கமிட்டி தலையசைத்தது. எனக்குப் பச்சை அட்டை மாட்டப்பட்டது. ரிப்பேர் வேலைக்கான ஜாப் கார்டு திறக்காமல் எந்த யூனிட்டையும் தொடக் கூடாது என்று சாஹித்யாவுக்கு உத்தரவு. குறை நேரில் காணப்படாமல் ஜாப் கார்டு திறக்கக் கூடாது என்பது ஏற்கெனவே உத்தரவு.

வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனேன். ஒரு இடத்தில் கழுத்தில் நான்கு ஒயர்களை ஒட்டிவிட்டு, பையன் வெளியே போய் கிரிக்கெட் பார்த்தான். இன்னொரு இடத்தில் கழுத்தைப் படார் என்று திருப்பினார்கள். அதன் பிறகு சில நாள் நான் பக்கவாட்டில் யாரையும் பார்க்கவில்லை. சாஹித்யா மையத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தாள். வெளியே யாருக்கும் சிகிச்சை செய்தால் அனுபவச் சான்றிதழ் தரமாட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த விரல்கள். அவை இனிப்புக் கடைக்கு மேலே துண்டு மடித்துக்கொண்டிருந்தன.

ஆகவே மறுபடி போனேன். பத்ரிநாராயணன் சார் உற்சாகமாக இருந்தார். "குறை தானா வரலைன்னா நாம வரவழைக்கணும். அதான் என் சப்ஜெக்ட். எதெல்லாம் இருந்தா வலி வருதுன்னு சொல்லுங்க."

நான் அறிவியல் படித்தவள். மாதக்கணக்கில் கவனித்து வைத்திருந்தேன். பசி, தூக்கம் கெடுவது, மினுக்கும் வெளிச்சம், ஊதுபத்தி, குக்கர் விசில், அதிர்வு, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சென்ட் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்கள் கலங்கின. "இவ்வளவு வருஷத்துல இப்படி முறையா வந்த முதல் யூனிட் நீங்கதாம்மா" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு ரெட்டைப் பிறவி யாராவது உண்டா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு யூனிட் இருந்தா நல்லது."

இல்லை என்றேன். அவர் சற்று வருத்தப்பட்டார்.

மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னார். டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். சோதனை முடியும்வரை கைவைக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கிரிஜா மேடம் வீட்டிலிருந்து குக்கர் கொண்டுவந்தார். அதில் எதுவும் வேகவில்லை. விசில் மட்டும் அடித்தது. ஜம்புநாதன் சார் தன் மைத்துனர் துபாயில் இருந்து கொண்டுவந்த சென்ட்டை நாடு கருதித் தியாகம் செய்தார். நான் கண்ணை மூடி, வலியே வா வா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். கூப்பிடாத நாளெல்லாம் வந்தது, அன்று வரவில்லை.

"அதிர்வு பாக்கியிருக்கு" என்றார் பத்ரிநாராயணன் சார். அதிர்வு மேஜை அவர்களிடம் இல்லை. ஆட்டோ இருந்தது. குழாய் போடுவதற்காகத் தோண்டிய ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, அதில் போய்த் திரும்ப ஏற்பாடு செய்தார். கிரிஜா மேடம் கண்காணிப்பாளராக என்னோடு ஏறிக்கொண்டார்.

"மேடம், எங்க போகணும்?" என்று டிரைவர் இந்தியில் கேட்டார்.

"எங்கயும் போக வேண்டாம். பள்ளம் எல்லாத்துலயும் இறக்கு."

"நக்கோ, வேணாம் மேடம். அச்சு முறிஞ்சிடும்."

"ஹவ் ஹவ், முறிஞ்சா பார்த்துக்கலாம். மெதுவாப் போகாதே."

டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் என்ன குற்றம் செய்திருப்பேன் என்று யோசித்திருக்கலாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேடம் என் முகத்தைப் பார்த்து, "வந்துதா?" என்றார். வரவில்லை. மழை பெய்து ஓய்ந்த காலை. காற்று நன்றாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வேலைக்கும் அல்லாமல் டாக்டரிடமும் அல்லாமல் நான் வெளியே போகிறேன் என்பது நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் அதைக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அவர்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முடிவு அன்றே அறிவிக்கப்பட்டது. யூனிட் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. எனக்கு இனி நூல் கோத்த அட்டை இல்லை. லேமினேட் செய்த சான்றிதழ். மூன்று கையெழுத்து. வரப்போகும் தர தின விழாவில் மேடையில் வைத்து வழங்குவார்கள்.

"எனக்குக் குணமாகலையே, சார்" என்றேன். கமிட்டி முன்னால் நான் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

"குணமாறது டாக்டரோட வார்த்தை" என்றார் ஜம்புநாதன் சார். "எங்க வார்த்தை, தேறறது. நம்ம மையத்துக்கு வரவங்கள்ல முக்கால்வாசிப் பேர் குறையே இல்லாமத்தான் போறா. எந்த ஆஸ்பத்திரியாவது இப்படிச் சொல்லுமா?"

இடையில் வேலையிடத்தில் இரண்டு முறை வலி வந்தது. ஒரு முறை, ஆய்வகத்தின் இருட்டு அறையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது கணேஷ்குமார் கதவைத் திறந்தார். "டீ குடிச்சீங்களா?" என்றார். அடுத்த முறை இப்படி நடந்தால் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். நிரந்தரமாக்கும் கடிதம் அல்ல.

தர தினத்தன்று மையத்தின் மொட்டை மாடியில் ஷாமியானா. என்னை முன்வரிசையில், ஊதுபத்திக்கு அருகில் உட்காரவைத்தார்கள். வரவேற்புரைக்குப் பிறகு தலைவர் உரை. சங்கு இரண்டு முறை ஊதப்பட்டது. மைக் கீச்சிட்டது. என்னை மேடையேற்றினார்கள். சந்தன மாலை ஒன்று என் கழுத்தில் விழுந்தது, சான்றிதழ் கைக்கு வந்தது. பட்டினி இல்லை, குக்கர் இல்லை, ஆட்டோ இல்லை. ஆனால் போட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்ததும் என் பார்வையின் ஓரத்தில் ஒரு வளைகோடு மினுமினுத்து விரியத் தொடங்கியது. அது எனக்குத் தெரிந்த கோடு. அதன் பின்னால் யார் வருவார்கள் என்றும் தெரியும்.

"...இதோ நம்ம மையத்தோட வெற்றி," என்றார் ஜம்புநாதன் சார் மைக்கில். "நீயே சொல்லும்மா குழந்தே. இப்ப எப்படி இருக்கு?"

மைக் என் வாய்க்கு வந்தது. நான் பள்ளியில்கூட மேடையேறியதில்லை.

"வலிக்குது" என்றேன். ஸ்பீக்கர் அதை இனிப்புக் கடைவரை கொண்டுபோனது.

கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பத்ரிநாராயணன் சார் மட்டும் நாற்காலியில் இருந்து எழுந்தார். "வந்துடுச்சு," என்றார். "விழாச் சூழ்நிலையில குறை வருது. நான் இதை யோசிக்கலை பாருங்க."

"அது எப்படி வரும்?" என்று ஜம்புநாதன் சார் மைக்கை மூடாமலே கேட்டார். "சர்டிஃபிகேட் குடுத்தாச்சு. இப்ப ரெண்டுல ஒண்ணுதான். சர்டிஃபிகேட் தப்பு, இல்லேன்னா தலை தப்பு. சர்டிஃபிகேட்ல மூணு கையெழுத்து இருக்கு."

தலையில் ஒரு கையெழுத்தும் இல்லை. அது என் பக்கத்தின் பலவீனம்.

விவாதம் நடந்தது. சான்றிதழ் பெற்ற யூனிட்டை மறுபடி உள்ளே எடுக்க அதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று கிரிஜா மேடம் சொன்னார். ஆகவே என்னைப் படியிறக்கி, தெருவில் நிற்கவைத்து, மறுபடி படியேற்றினார்கள். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்து, மாலையோடு ஏறினேன். கவுன்டரில் மேடம் கேட்டார். "இன்னிக்கு வலி இருக்கா?" நான் தலையசைத்தேன். கமிட்டி முழுவதும் சுற்றி நின்று நேரில் கண்டது. சிவப்பு அட்டை மாட்டப்பட்டது. மையத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு தலைக்கு ஜாப் கார்டு திறக்கப்பட்டது. குறை: வலது பக்கம்.

சாஹித்யா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரைக்குப் பின்னால் படுத்தேன். அவள் விளக்கை அணைத்தாள். அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் இடது பக்கத்துக்கு வந்தாள். விரல்நுனிகள் அதே இடத்தில் நின்றன. இந்த முறை என் தலைக்கு வழி தெரிந்திருந்தது. தானாகவே போய் அவள் கைகளில் படுத்துக்கொண்டது. வெளியே நன்றியுரை நடந்தது. நெடுநேரம் நடந்தது. அது முடிவதற்குள் திருகாணி மறுபடி பின்னோக்கிச் சுழன்று, கோடு மங்கி, நான் ஒரு அறையில் படுத்திருக்கிறேன், ஜன்னல் வழியே காற்று வருகிறது என்பது தெரிந்தது.

திரை விலகியது. மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

"குறை போயிடுத்தா?" என்று கேட்டார் ஜம்புநாதன் சார். அவர் கையில் ஜாப் கார்டு இருந்தது. பேனாவின் மூடி திறந்திருந்தது. "போயிடுத்துன்னா கார்டை இப்பவே மூடிடலாம். சான்றிதழும் செல்லும். எல்லாருக்கும் சந்தோஷம்."

வலி இல்லாத நாளிலும் போக வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். என் தலைக்கடியில் இருந்த விரல்கள் அசையாமல் நின்றன.

வலி இல்லை. எங்கள் ஆய்வகத்தில் என்றால் பூஜ்யம் என்று எழுதியிருப்பேன்.

"இருக்கு, சார்" என்றேன்.

"எவ்வளவு?"

"நிறைய."

அவர் முகம் மலர்ந்தது. பேனாவை மூடினார். "பார்த்தேளா," என்று மற்ற இருவரிடமும் சொன்னார். "நேர்மையான யூனிட். ட்ரீட்மென்ட் தொடரட்டும்."

தொடர்கிறது. வாராவாரம் போகிறேன். சாஹித்யா சொல்லித்தந்த பயிற்சிகளை வீட்டில் செய்கிறேன். வலி வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் பாதியில் திரும்பிப் போய்விடுகிறது. கணேஷ்குமார் என்னை நிரந்தரமாக்கியபோது, டீயைப் பற்றித் தான் சொன்னது சரிதானே என்று கேட்டார். மையத்தின் பதிவில் மட்டும் நான் தீராத கேஸ். கமிட்டி மாதம் ஒரு முறை என்னைப் பற்றிக் கவலைப்படுகிறது. பத்ரிநாராயணன் சார் என்னைக் கட்டுரையாக எழுதுகிறார்.

போன வாரம் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன். கீழே டீக்கடையில் சீனிவாசன் அங்கிள் நின்றிருந்தார். முழங்காலுக்காக எனக்கு முன்பிருந்தே வருகிறவர். அதுவரை என்னோடு பேசியதில்லை. கிளாஸை வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து, காலை வீசிப் போட்டு நடந்து வந்தார். நான் முதல் படியில் கால் வைத்ததும் நெற்றியைச் சுருக்கி, தலையின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அட்டையில் வலது என்றுதான் இருக்கிறது.

"இங்கயே ஆரம்பிக்காதம்மா" என்றார் அங்கிள் தாழ்ந்த குரலில். "மேல போறதுக்குள்ள அலுத்துடும், முகத்துல தெரிஞ்சிடும். படி திரும்பற எடத்துல இருந்து போதும்."

கையை எடுத்துவிட்டேன். இருவரும் பேசிக்கொண்டே ஏறினோம். படி திரும்பும் இடம் வந்தது. அவர் நின்று, எந்தக் கால் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, நொண்டத் தொடங்கினார்.